தறி நின்றால் எழும் நாய்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் தணிகைவேல் வீட்டில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் கேட்காது. காலை ஆறு மணிக்கு நான்கு விசைத்தறிகளும் ஓடத் தொடங்கினால், சாப்பாட்டு நேரம் வரைக்கும் அந்தக் கூடத்தில் மனிதக் குரலுக்கு வேலையில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்க்க வேண்டும். நூல் தீர்ந்துவிட்டால் இரண்டு விரலைச் சுற்றிக் காட்ட வேண்டும். சாப்பிட வா என்பதற்கு அகிலா சமையற்கட்டு வாசலில் நின்று தரையை இரண்டு தரம் உதைப்பாள். உள்ளங்கால் வழியாகச் சேதி போய்ச் சேரும். இருபத்தைந்து வருடத் தறிச் சத்தத்தில் தணிகைவேலுக்குக் காதும் பாதி போய்விட்டிருந்தது. அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்பதால் அதை ஒரு குறையாக யாரும் எண்ணுவதில்லை.

தறி கூலித் தறி. நூலும் முதலாளியுடையது, சேலையும் முதலாளியுடையது. தணிகைவேலுக்கென்று சொந்தமாக இருந்தது நாய் வம்சம் ஒன்றுதான். அவன் நைனா நாகபூஷணம் நாற்பது வருடத்துக்கு முன்னால் ராஜபாளையம் ஜாதியில் ஒரு ஜோடி வாங்கிவந்தார். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, எலும்பு தெரியாத நீள உடம்பு. அன்றிலிருந்து வெளி ரத்தம் ஒரு சொட்டுக் கலக்கவில்லை. அண்ணனுக்குத் தங்கை, தாய்க்கு மகன் என்று வீட்டுக்குள்ளேயே சேர்த்து வைத்தார்கள். காதிலோ வாலிலோ காவி பட்டுப் பிறந்த குட்டிக்குக் கறை என்று பேர். பால் மறந்ததும் நாகபூஷணம் அதைக் கூடையில் போட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் விட்டுவிட்டு வந்து கைகால் கழுவுவார். தணிகைவேலும் அதையே செய்துவந்தான். ‘நகரி வெள்ளை’ என்றால் சித்தூர் வரைக்கும் பேர். தறிக்காரன் எவனுக்கு அந்தப் பேர் கிடைக்கும்?

இப்போதிருக்கிற தாய் நாய் மல்லி. ஆறு வயது. கூடத்தின் நடுவே தாடையைத் தரையில் பதித்துப் படுத்திருக்கும். நான்கு தறி ஓடும்போது ஒன்று நின்றால் அந்த இரைச்சலில் மனிதனுக்கே சட்டென்று பிடிபடாது. மல்லி எழுந்துவிடும். நேராக நின்றுபோன தறியிடம் போய் நிற்கும், ஒருநாளும் தறி மாறியதில்லை. இதைப் பார்ப்பதற்கென்றே புத்தூரிலிருந்தும் நாராயணவனத்திலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

“அதுக்குப் பாம்புக் காதுப்பா,” என்று தணிகைவேல் மார்பை நிமிர்த்துவான். “கூப்ட்டா வராது. கை காட்டு, பூனையாட்டம் வரும். அவ்ளோ மரியாத.”

ஆனி மாதத்தில் மல்லியிடம் நான்கு குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. தகப்பன் வேறு யாருமில்லை, மல்லியின் மகன் கர்ணன்தான். மூன்று வருடத்துக்கு முன் பங்காருபாளையத்து மாந்தோப்புக்காரர் ரமணா வாங்கிப்போன குட்டி. இந்த ஈற்றுக்காக அவனை நகரிக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். போன மாதம் கர்ணன் செத்துப்போனான். தோப்பில் மாங்காய் ஏற்றிய டிராக்டர் அவனுக்குப் பின்னாலிருந்து வந்தபோது நகராமல் நின்றானாம். எஜமான் மண்ணை விட்டுக்கொடுக்காமல் நின்று செத்தான் என்று ரமணா போனில் அழுதார். தோப்பில் ஒரு கல் நட்டு அதில் வீரன் என்று எழுதி வைத்திருக்கிறாராம். கர்ணனின் குட்டிதான் தோப்புக்கு வேண்டும், வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். தணிகைவேல் அந்தக் கதையைத் தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தான்.

திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கரண்டு போனது. நான்கு தறியும் ஒரே மூச்சில் நின்றன. நகரி மலைப் பக்கமிருந்து வந்த சுடுகாற்று ஜன்னலில் கட்டிய சாக்கைத் தட்டுகிற ஓசைகூடக் கேட்டது. மகள் மோனிகா, புத்தூரில் டிகிரி படிக்கிறவள், லீவில் வீட்டிலிருந்தாள். அவள் கை தவறி அலுமினியக் குண்டான் ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. நான்கு குட்டிகளில் இடது காதில் காவிக் கறை உள்ளது மட்டும் துள்ளி எழுந்து கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது. மற்ற மூன்றும் தூங்கின.

“பாத்தியா மோனி?” என்றான் தணிகைவேல். “அதான் வெள்ளை. இடி வுழுந்தாலும் அசையாது. அந்தக் கறை கீதே, அது பயந்தாங்கொள்ளி.”

“பயப்படலன்னாலும் காதாவது ஆடணும் இல்ல நைனா? காதே ஆடல.”

“தூங்கிக்கினு இருக்குதும்மா.”

மோனிகா ஒரு தட்டும் கரண்டியும் எடுத்துவந்தாள். குட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டின்மேல் கரண்டியால் அடித்தாள். மூன்றும் தூங்கின. ஒன்றை விரலால் தொட்டாள். உடனே விழித்து அவள் விரலைச் சப்பத் தொடங்கியது. தணிகைவேல் எழுந்துபோய்க் கரண்டியைப் பிடுங்கித் தானே அடித்தான். பிறகு இன்னும் பலமாக அடித்தான். அடிக்க அடிக்க அவன் முகம் வாடியதை அகிலா சமையற்கட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோனிகாவின் சினேகிதிக்கு அக்கா தரணி திருப்பதியில் கால்நடை டாக்டர். புத்தூர்ப் பெண். மறுநாள் காலையில் தணிகைவேலும் அகிலாவும் நான்கு குட்டிகளைக் கூடையில் வைத்து, மேலே ஒரு பழைய லுங்கியை மூடி, பஸ் ஏறிப் போனார்கள். தரணி ஒவ்வொன்றாக மேசைமேல் விட்டுப் பின்னாலிருந்து விசில் ஊதினாள், சாவிக்கொத்தை ஆட்டினாள், ஒரு டப்பாவைத் தட்டினாள். அவசரப்படவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

“மூணுக்கும் காது கேக்கல அங்கிள். கறை கீற குட்டிக்கு மட்டும் நல்லா கேக்குது.”

“மருந்து எழுதிக் குடும்மா. எவ்ளோ ஆனாலும் சரி.”

“மருந்து இல்ல. இது நோவு இல்ல, பொறப்பு.” ஒரு மருந்து அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன் உட்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். “இதுங்க அப்பா அம்மா யாரு, சொல்லிக்கினே வாங்க.”

தணிகைவேலுக்கு அதைக் கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது. தன் முப்பாட்டன் பேர் அவனுக்குத் தெரியாது, ஆனால் நாய் வம்சம் தலைகீழ்ப் பாடம். தகப்பன் கர்ணன், தாய் மல்லி. கர்ணனுக்குத் தாயும் மல்லிதான், தகப்பன் மல்லியின் அண்ணன் வீரா. மல்லி, வீரா ரெண்டுக்கும் அப்பா அம்மா கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்கு மேலேயும் அப்படியே. பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு போனான். தரணியின் பேனா போட்ட கோடுகள் மேலே போகப்போக விரியவில்லை. திரும்பித் திரும்பி அதே பேர்களில் வந்து முட்டின.

“நாலு தலைமுறை மேல போனா ஒரு குட்டிக்குப் பதினாறு பேர் இருக்கணும் அங்கிள். இங்க எத்தினி பேர், நீங்களே எண்ணுங்க.”

எண்ணினான். நாலு. அந்த நாலும் ஓர் அண்ணன், ஒரு தங்கை, அவர்களைப் பெற்ற இரண்டு. பதினாறு பேர் நிற்கவேண்டிய இடத்தில் ஒரே வீட்டுக்காரர்கள் நாலு பேர் மாறி மாறி நின்றார்கள். தணிகைவேல் அந்த அட்டையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

“தோலுக்கு நிறம் குடுக்கற உயிரணு ஒண்ணு கீது,” என்றாள் தரணி. “அது காதுக்குள்ளயும் போய் உக்காரணும். உக்காரலன்னா பொறந்து சில வாரத்துல உள்காது செத்துடும். வெள்ளையா பொறக்கற எல்லாத்துக்கும் அப்டி ஆவறதில்ல. ஆனா நீங்க ஒவ்வொரு ஈத்துலயும் கீறதுலயே வெள்ளைய பொறுக்கி, அதையும் சொந்த ரத்தத்தோடயே சேத்துக்கினு வந்துட்டீங்க. ஒரு குறைய அப்பா பக்கம் குடுத்தாலும் அம்மா பக்கம் நல்லது வந்து தாங்கும். ரெண்டு பக்கமும் ஒரே வீடுன்னா எங்கேந்து தாங்கும்?”

“தறியில நீளவாக்குல ஓடற பாவுல பக்கம் பக்கமா ரெண்டு இழை,” என்றான் தணிகைவேல் மெதுவாக. “ஒண்ணு நைஞ்சிருந்தா இன்னொண்ணு தாங்கிக்கும், துணியில தெரியாது. ரெண்டும் ஒரே நைஞ்ச நூலுன்னா அந்த எடத்துல கிழிஞ்சிரும். அப்டித்தானேம்மா?”

தரணி பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். “அஞ்சு வருசம் படிச்சேன் அங்கிள். இவ்ளோ சுளுவா எனக்கு யாரும் சொல்லல.”

பிறந்து ஏழு வாரமே ஆன அந்த உயிர்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாவு ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் ஒவ்வோர் இழையும் நாற்பது வருடத்துக்கு முந்திய ஜோடியிலிருந்து அறுபடாமல் வருகிறது என்று நினைத்தபோது தணிகைவேலுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆயிரக்கணக்கில் சேலை நெய்தவன் அவன். தன் கையால் இப்படியும் ஒன்றை நெய்திருக்கிறோம் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

“ஒண்ணு கேக்கறேன். தாய்க்குக் காது கேக்குதா?”

“மல்லிக்கா? அதுக்குப் பாம்புக் காதும்மா! நாலு தறியில எது நின்னாலும் எழுந்து போய் நிக்கும்.”

“பாம்பும் தரையில வயித்த வெச்சுத்தான் கேக்கும் அங்கிள். தறியெல்லாம் நிறுத்திட்டு, அது பாக்காதப்போ, கால் அதிராம நின்னு, பேர் சொல்லிக் கூப்ட்டுப் பாருங்க.” கறைக் குட்டியைத் தூக்கி அகிலாவின் மடியில் வைத்தாள். “தான் வெள்ளைன்னு நாய்க்குத் தெரியாது. வெள்ளை வேணும்னது நாமதான். காது போனது அதுக்கு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ரேணிகுண்டா தாண்டியதும் அகிலா வேர்க்கடலைச் சட்னி தடவிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துத் தணிகைவேலிடம் கொடுத்தாள். அவன் சாப்பிடவில்லை.

“துன்னு மாமா. காலையில வெறும் காபியோட வந்தே.”

அகிலா அவனுக்கு அக்கா சுந்தரம்மாவின் மகள். அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான், யாரும் புருவம் தூக்கமாட்டார்கள். இப்போது சுந்தரம்மா தன் கடைசி மகன் முனிகிருஷ்ணனுக்கு மோனிகாவைக் கேட்டிருந்தாள். அவன் அகிலாவுக்குத் தம்பி, மோனிகாவுக்குத் தாய்மாமன். ஆவணியில் தாம்பூலம் மாற்றுவதாகப் பேச்சு.

“மாமா, டாக்டரம்மா சொன்னது நாயிக்கு மட்டுந்தானா?”

தணிகைவேல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

“மோனி நல்லாத்தான் கீறா,” என்றாள் அகிலா. “அதுக்கப்புறம் ஒண்ணு பொறந்து மூணு மாசங்கூட தங்கல. திருஷ்டின்னு சொல்லிச்சு எங்கம்மா. அது இதனாலயான்னு எனக்குத் தெரியாது, நான் படிக்காதவ. உன்ன கட்டிக்கினதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா தெரிஞ்சிக்கினே அதே நூல்ல இன்னொரு முடிச்சு வேணாம் மாமா.”

அவள் அழவில்லை. மடியில் தூங்கிய குட்டியின் காவிக் காதைத் தடவிக்கொண்டே வந்தாள். புத்தூர் வருவதற்குள் தணிகைவேல் இட்லியைத் தின்று முடித்தான்.

மல்லியைக் கூப்பிட்டுப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. புதனும் வியாழனும் கரண்டு நிற்காமல் இருக்க வேண்டுமென்று மனதுக்குள் வேண்டிக்கொண்டான். தறி ஓடுகிற வரைக்கும் அவன் வீட்டில் ஒரு குறையும் இல்லை. மல்லி எழுந்தது, நின்றது, கை காட்டினால் வந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ரமணா வந்தார். பருத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கூடை தோத்தாபுரி மாம்பழம். நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. பேசிப் பயனில்லை என்று அவருக்கும் பழக்கம், சிரித்துக்கொண்டே குனிந்து குட்டிகளைப் பார்த்தார். மூன்று வெள்ளைகளும் தறிக்கடியில் மல்லாந்து தூங்கின. கறைக் குட்டி சத்தம் தாளாமல் மூலையில் சுருண்டிருந்தது. இருக்கிறதிலேயே வெள்ளையான ஒன்றை ரமணா இரண்டு கையாலும் தூக்கினார். அது கொட்டாவி விட்டு அவர் மூக்கை நக்கியது. அவர் கண் கலங்கிவிட்டது. தன் நெஞ்சைத் தொட்டு, குட்டியைக் காட்டி, ‘கர்ணா’ என்று வாயசைத்தார்.

தணிகைவேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். அவர் குட்டியைக் காரில் வைத்துக்கொண்டு போய்விடுவார். தோப்பில் இன்னொரு வீரன் நிற்பான். டிராக்டர் பின்னால் வரும். இவ்வளவும் அவன் மனதில் ஓடியபோது மோனிகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அகிலா சமையற்கட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். நாற்பது வருடப் பேர் இன்றோடு போகும் என்று தெரிந்தேதான் அவன் சுவரோரம் போனான். மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தான்.

தறிகள் நின்றன. ரமணா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“ஏமாயிந்தி? கரண்டு போச்சா?”

“நான்தான் நிறுத்தினேன் அண்ணா. அந்தக் குட்டிய கீழ வுடுங்க.” அவர் விட்டதும் தணிகைவேல் குண்டானை எடுத்துக் குட்டியின் தலைக்குப் பின்னால் பிடித்துக் கரண்டியால் ஓங்கி அடித்தான். ரமணா காதைப் பொத்திக்கொண்டார். குட்டி அவர் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் அடித்தான். வாரைக் கடித்துக்கொண்டேயிருந்தது.

“இதுக்குக் காது கேக்காது. மூணுக்கும் கேக்காது. எங்க ரத்தத்துலயே வந்துகினு கீது. நாங்க வெளிய வுடாம உள்ளயே சேத்துக்கினே வந்ததால வந்தது.”

ரமணா குட்டியைப் பார்த்தார், தணிகைவேலைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“ஹாரன் அடிச்சாங்க,” என்றார். “நான் அக்கடே, பக்கத்துலயே இருந்தேன். மூணு தடவ அடிச்சான் டிரைவர். நகரல. கர்ணா வழி விடாம நிக்கறான்னு நான் நெனச்சேன். அவனுக்கு... தேவுடா. அவனுக்கு கேக்கவேயில்லயா?”

“கேட்டிருக்காது அண்ணா.”

“கல்லுல வீரன்னு எழுதிட்டேனே.”

“அழிக்காதீங்க,” என்றான் தணிகைவேல். “காது இல்லாமயே மூணு வருசம் உங்க தோப்ப காத்திருக்கான். அது என்னால முடியுமா, உங்களால முடியுமா?”

ரமணா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வைய வேண்டிய மனிதர் வையவில்லை. அதுவே தணிகைவேலுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அப்போதுதான் மோனிகா சொன்னாள்.

“நைனா. மல்லி.”

மல்லி கூடத்தின் நடுவில் படுத்திருந்தது. தறி நின்றபோது எழுந்து, நான்கும் நின்றுவிட்டதை ஒருமுறை சுற்றிப் பார்த்து, மறுபடி முதுகைக் காட்டிப் படுத்துக் கண்ணை மூடிவிட்டது. தணிகைவேல் செருப்பைக் கழற்றினான். நெய்து மடித்து அடுக்கியிருந்த சேலைக் கட்டின்மேல், தரை அதிராமல், ஏறி நின்றான். தறி ஓடாத நேரத்திலும் கை காட்டியே பழக்கம், இந்த ஆறு வருடத்தில் அமைதியான கூடத்தில் நின்று அதன் பேரைச் சொல்லி அவன் கூப்பிட்டதில்லை.

“மல்லி.”

காது அசையவில்லை.

“மல்லீ!”

எதிர்வீட்டுப் பொன்னியம்மா என்னவோ ஏதோ என்று தெருவுக்கு வந்துவிட்டாள். அவன் கத்தக் கத்த, தூங்கும் நாயின் வயிறு சீராக ஏறி இறங்கியது. பூப்போல் அழகாக இருக்கிறது என்று அவன் தேடி வைத்த அந்தப் பேரை அது ஒருநாளும் கேட்டதேயில்லை. தன் குட்டிகள் கத்தியதையும் கேட்டதில்லை. அவன் கை தொங்கிப்போனது.

அகிலா சமையற்கட்டு வாசலில் தரையை இரண்டு தரம் உதைத்தாள்.

மல்லி கண்ணைத் திறந்தது. எழுந்தது. நேரே திரும்பி அவளைப் பார்த்து வாலை ஆட்டியபடி நடந்து போய், சாப்பாட்டுக்கு நிற்கும் இடத்தில் நின்றது. அகிலா கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தாள். மல்லி தண்ணீர்ச் சட்டியிடம் போனது.

ரமணா கும்பிடுவதுபோல் கையைக் கூட்டியிருந்தார். பிறவியிலேயே செவிடான ஒரு பிராணி, இந்த வீட்டின் அத்தனை பேச்சையும் தரையிலிருந்தும் விரல்களிலிருந்தும் படித்துக்கொண்டு, யாருக்கும் சந்தேகம் வராமல் ஆறு வருடம் இவர்களோடு குடும்பம் நடத்தியிருக்கிறது. நான்கு தறிகளின் அதிர்வைத் தாடை எலும்பில் வாங்கி, அதில் ஒன்று குறைந்தால் எது என்று பிரித்து அறிந்திருக்கிறது. தணிகைவேல் சேலைக் கட்டிலிருந்து இறங்கி அதன் பக்கத்தில் மண்டியிட்டான். பிரமிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. மூலையில் கறைக் குட்டி தலையைச் சாய்த்து, தெருவில் போன பால்காரன் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

“காது கேக்கறது எல்லாத்தையும் கூடையில போட்டு பஸ் ஸ்டாண்டுல வுட்டுட்டு வந்தோம்,” என்றான் தணிகைவேல். “நானும் எங்க நைனாவும். பொறுக்கிப் பொறுக்கி வுட்டோம்.”

ரமணா எழுந்துபோய் அந்தக் குட்டியைத் தூக்கினார். அது பயத்தில் அவர் சட்டையை நனைத்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இத எனக்குக் குடு.”

“இதுவும் எங்க ரத்தந்தான் அண்ணா, பாதி நூலு நைஞ்சதாதான் இருக்கும். ஜோடி சேத்தா வெளியில நல்ல நாயா பாத்து சேருங்க, எந்த நெறமானாலும் சரி. எங்க வீட்டுப் பேர சொல்ல வேணாம். மல்லிக்கு இனி குட்டி வேணாம், ஆபரேஷன் பண்ணிடறேன். இந்த மூணும் இங்கயே கெடக்கட்டும். வெளிய போனா வண்டியில மாட்டிக்கும்.”

ரமணா போன பிறகு தணிகைவேல் சுவிட்சைப் போடவில்லை. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான்.

“அக்கா, நான்தான். மோனிக்கு வெளியில பாக்கலாம்னு கீறோம். முனிக்கும் நல்ல எடமா நானே தேடறேன்... கோவம் இல்லக்கா. சண்டையும் இல்ல... இன்னா? இல்லக்கா, தறி சத்தத்துல ஒண்ணும் காதுல வுழல. நேர்ல வந்து சொல்றேன்.”

கூடம் அத்தனை அமைதியாக இருந்தது. மோனிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அகிலா மாம்பழத்தை அரிந்து ஒரு துண்டை அவன் கையில் வைத்தாள்.

பிறகு தறி ஓடியது. மல்லி நடுக்கூடத்தில் தாடையைத் தரையில் வைத்துப் படுத்தது. மூன்று வெள்ளைக் குட்டிகளும் வந்து அதன் விலாவில் ஒண்டின. பிற்பகலில் மூன்றாம் தறியில் நூல் தீர்ந்து தறி நின்றது. மல்லி எழுந்து நடந்தது. அதற்குப் பின்னால், தூக்கத்திலிருந்த குட்டிகளில் ஒன்று தலையை நிமிர்த்தி, தரையை ஒரு கணம் முகர்ந்து, தள்ளாடிக்கொண்டே எழுந்து வந்து மூன்றாம் தறியின் காலடியில் தாயோடு நின்று அண்ணாந்து பார்த்தது. தணிகைவேல் கையிலிருந்த நூல் கண்டைத் தறியில் போட மறந்து நின்றான். பிறகு அந்தக் குட்டிக்குத் தெரியும்படி இரண்டு விரலைச் சுற்றிக் காட்டினான்.